காரணம் எழுதாத சீட்டு

நெட்டாங்கல்விளை,
மயிலாடி வழி.
3.6.2024

தேவகுமாருக்கு ராகேல் எழுதுவது.

எட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இத்தனை வருஷம் கேட்காதவள் இன்றைக்குக் கேட்டால் அது நடிப்பு. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சிஜின் உன்னிடம் இருக்கிறானா? வியாழக்கிழமை காலையில் வீட்டை விட்டு இறங்கியவன் இன்னும் வரவில்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவன் கீரிப்பாறை பஸ்ஸில் ஏறியதை நம் சபை பிரிஜா பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்வதற்கு முன் வேறு எத்தனை பேரிடம் சொன்னாளோ தெரியாது. அந்த மலையில் நமக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். சிஜின் மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்த்தான். பிப்ரவரியில் ஊருக்கு வந்தான். லீவில் வந்திருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். லீவு இல்லை. டியூட்டிக்குக் குடித்துவிட்டுப் போனான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்தும் விடவில்லை. அவன் அப்பா இதையெல்லாம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது நல்லது என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

உன் நம்பர் என்னிடம் இல்லை. நான்தான் அழித்தேன். இருந்தாலும் அங்கே டவர் கிடைப்பதில்லை என்கிறார்கள். இந்தக் கடிதத்தை எஸ்டேட் பஸ் கண்டக்டர் சுபின் கையில் கொடுக்கிறேன். அவன் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன், தவறாமல் சேர்ப்பான்.

சிஜின் அங்கே இருந்தால் அனுப்பி வை. குடிகாரன் என்று சபையே அறிந்த ஒருவனிடம் இருந்து என் மகன் எப்படித் திருந்துவான் என்று நீயே யோசித்துப் பார்.

ராகேல்


கீரிப்பாறை
8.6.2024

அன்புள்ள அக்காவுக்குத் தேவகுமார்.

கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்தேன். பிரித்துப் பார்த்தால் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், நீயும் அப்படியே இருக்கிறாய். ‘பிரியமான’ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் பேனாவில் மை தீர்ந்தா போயிருக்கும்?

சிஜின் இங்கேதான் இருக்கிறான். வியாழன் மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறான். நான் எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் அளந்துவிட்டு வரும்போது நிறுத்தத்தில் மழையில் உட்கார்ந்திருந்தான். குடை இல்லை, பை இல்லை, நல்ல போதை. சின்னப் பையனாகப் பார்த்தது, ஆனாலும் மூக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“லே, நீ ராகேல் மகனாடே?” என்றேன்.

“மாமா, அம்மைக்கிட்ட சொல்லாண்டாம்” என்றான். எட்டு வருஷத்தில் உன் வீட்டார் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“என்னத்துக்கு மக்கா இஞ்ச வந்த?” என்று கேட்டேன். “வேற எங்க போனாலும் ஒடனே ஜெபம் பண்ண ஆரம்பிச்சிருவாவ மாமா” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், பிறகு அழுதான்.

இனி உன் கேள்வி. குடிகாரனிடம் இருந்து எப்படித் திருந்துவான் என்று கேட்டிருக்கிறாய். 2016 அசனத்தில் நீ என்னைப் பந்தியிலிருந்து எழுப்பியதோடு என் கதை உனக்கு நின்றுபோயிற்று, அதனால் கேட்கிறாய். அசனம் என்றால் என்ன என்று எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித் தந்ததே நீதான். சபையார் எல்லோரும் அரிசி கொடுத்து, கோயில் முற்றத்தில் ஒன்றாகப் பொங்கி, ஏழை பணக்காரன் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. அன்றைக்கு நான் குடித்திருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. இலை போட்டார்கள், உப்பு வைத்தார்கள், சோற்று வாளி இரண்டு ஆள் தள்ளி வந்துகொண்டிருந்தது. நீ வந்து என் தோளைத் தொட்டாய். “எந்திரி. இது ஒனக்குள்ள இலை இல்ல” என்றாய். சத்தம்கூடப் போடவில்லை, வகுப்பில் பெஞ்சை விட்டு எழுப்புகிற குரல்தான். நான் எழுந்தேன். என் இலையில் உப்பு மட்டும் இருந்தது.

அந்த அவமானத்தில் திருந்தினேன் என்று நினைக்காதே. அதற்கப்புறம் மூன்று வருஷம் இன்னும் மோசமாகக் குடித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, குடிக்கத்தான், தடிக்காரன்கோணத்துக்குப் பஸ் ஏறினேன். வழியில் பஸ் பழுதாகி நின்றது. இறங்கி ரோட்டோரக் கலுங்குச் சுவரில் உட்கார்ந்தேன். சரிசெய்து எல்லோரையும் ஏறச் சொன்னார்கள். நான் ஏறவில்லை. குடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஜெபம் பண்ணவில்லை, பொருத்தனை பண்ணவில்லை, அழவும் இல்லை. திரும்பி நடந்தேன். ஐந்து வருஷம் ஆகிறது.

ஏன் எனக்கு என்று இன்றுவரை தெரியாது. காலையில் முதல் மரத்தில் கத்தி வைக்கும் முன், “ஆண்டவரே, இது எனக்குரியது இல்லை, ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்” என்பேன். என் ஜெபம் முழுக்க அவ்வளவுதான்.

சிஜினை நான் கூப்பிடவில்லை, அதனால் அனுப்பவும் மாட்டேன். அவனுக்கு வரத் தோன்றும்போது வரட்டும்.

தேவகுமார்


நெட்டாங்கல்விளை
20.6.2024

தேவகுமாருக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் கோபம்தான் வந்தது.

சிஜினை மழையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டதற்கு என் நன்றி. அதைச் சொல்லிவிட்டேன். இனி மற்றதைச் சொல்கிறேன்.

நான் முப்பத்தெட்டு வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. சிஜின் வந்த பிப்ரவரியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை விட்டு முழங்காலில் நிற்கிறேன். முழங்கால் வீங்கிப்போயிருக்கிறது. எனக்குக் கிடைக்காத பதில், குடிக்கப் போகிற வழியில் கலுங்கில் உட்கார்ந்திருந்த உனக்கு, கேட்காமலே கிடைத்தது என்கிறாய். நான் இதை எப்படி நம்புவேன்? நம்பினால் அதைவிடக் கஷ்டம். ஆண்டவர் வீட்டில் வரிசை என்று ஒன்று கிடையாதா?

அசனத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அன்றைக்கு நான் செய்தது சபை ஒழுங்கு.

இத்துடன் அவனுடைய இரண்டு சட்டை, வேதப்புத்தகம், வீட்டில் வறுத்த ஏத்தங்காய் உப்பேரி எல்லாம் சுபினிடம் கொடுத்து விடுகிறேன். உப்பேரி உனக்கும் சேர்த்துத்தான். காலையும் மாலையும் அவனை ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல். நாளை மறுநாளிலிருந்து நாற்பது நாள் உபவாசம் இருக்கப் போகிறேன், இரவில் மட்டும் கஞ்சி. என் ஜெபம் அந்த மலைக்கும் எட்டும்.

ராகேல்


கீரிப்பாறை
11.8.2024

அன்புள்ள அக்கா,

உன் நாற்பது நாள் முடிந்திருக்கும். இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உப்பேரி இரண்டு நாளில் தீர்ந்தது. அதில் பாதிக்கு மேல் தின்றது நான் என்று சிஜின் உனக்குச் சொல்லச் சொல்கிறான்.

நல்ல செய்தி முதலில். ஜூன் இருபத்தொன்றாம் தேதிக்குப் பிறகு அவன் குடிக்கவில்லை. அன்றைக்கு ஒரு தடவை விழுந்தான், மறைக்காமல் சொல்கிறேன். மறுநாளிலிருந்து நாங்கள் இருக்கும் எஸ்டேட் லயன் வீட்டுச் சுவரில் கரியால் கோடு போட்டு வருகிறான், ஐம்பது கோடு ஆயிற்று. எண்ணுவது அவன்தான், நான் இல்லை.

பால் வெட்டப் பழக்குகிறேன். முதல் வாரம் பட்டையைத் தாண்டிக் கத்தியைக் கட்டையில் ஏற்றிவிட்டான், மேஸ்திரி என்னைத் திட்டித் தீர்த்தார். இப்போது பரவாயில்லை. வெட்டிவிட்டுச் சிரட்டையை வைத்தபின் நமக்கு வேலை இல்லை, அது தானாக வடிந்து வரும். அந்த நேரம் சும்மா இருப்பதுதான் அவனுக்கு முடியாமல் இருந்தது. மரத்தைப் போய்ப் போய்ப் பார்ப்பான். யார் மகன் என்று அப்போது நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் லயனில் உள்ள பெண்களுக்கு பி.பி. பார்க்கிறான், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறான். அவர்கள் அவனை ‘நர்ஸ் மக்கா’ என்று கூப்பிடுகிறார்கள்.

செப்டம்பர் முதல் ஞாயிறு கோயிலுக்கு வர வேண்டும் என்று அவனாகவே சொன்னான். சனிக்கிழமை சாயங்காலம் வருவான். அக்கா, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவனிடம் எதுவும் கேட்காதே. அவனைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லாதே. சோறு போடு, அது போதும்.

தேவகுமார்


நெட்டாங்கல்விளை
3.9.2024

தம்பி தேவகுமாருக்கு,

சிஜின் அங்கே வந்துவிட்டானா? முதலில் அதற்குப் பதில் எழுது.

சனிக்கிழமை வந்தான். முகம் தெளிந்திருந்தது. மீன் குழம்பு வைத்தேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். நான் எதுவும் கேட்கவில்லை, நீ எழுதியபடியே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு கோயிலுக்கு வந்தான். ஆண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில், அவன் அப்பா வழக்கமாக இருந்த இடத்தில் உட்கார்ந்தான்.

நம் கோயில் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரோடு, எதற்காக நன்றி செலுத்துகிறோம் என்று ஒரு சீட்டில் எழுதி வைப்போம். போதகர் பீடத்தருகே நின்று அதை வாசிப்பார். பிள்ளை பாஸானதற்கு, ஆபரேஷன் சுகமாக முடிந்ததற்கு, வீடு பால்காய்ச்சியதற்கு என்று எல்லோரும் எழுதுவதுதானே? நானும் எழுதி வைத்தேன். அதை வரிக்கு வரி உனக்கு எழுதுகிறேன், நீயே சொல்.

‘அடியாளின் நாற்பது நாள் உபவாசத்தையும் கண்ணீரின் ஜெபத்தையும் கேட்டு, என் மகன் சிஜினைக் குடிப்பழக்கத்திலிருந்து விடுவித்த தேவனுக்கு ஸ்தோத்திரம். ராகேல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.’

போதகர் வாசித்து முடிப்பதற்குள் சிஜின் எழுந்துவிட்டான். நடுப்பாதையில் நடந்து வெளியே போனான். என் பக்கம் திரும்பவே இல்லை. ஆராதனை முடிந்து ஓடிவந்தேன். வீட்டில் நீலச் சட்டை கொடியில் தொங்கியது, அவன் இல்லை.

லீவு என்று சொல்லி வைத்ததெல்லாம் பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் நன்றி சொன்னது குற்றமா? கர்த்தர் செய்ததை மறைக்கச் சொல்கிறாயா?

உடனே பதில் எழுது. சுபின் மத்தியானம் திரும்பும் வண்டியில் கொடுத்து விட்டாலும் போதும்.

ராகேல்


கீரிப்பாறை
3.9.2024

அக்கா,

அவன் இங்கே வரவில்லை.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தேடப் போகிறேன். போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ நன்றி சொன்னதில் தப்பில்லை. அந்தச் சீட்டில் நன்றி எங்கே இருந்தது? உன் உபவாசம் இருந்தது, உன் கண்ணீர் இருந்தது, உன் வேலையின் பெயர்கூட இருந்தது. சுவரில் தினமும் ஒரு கோடு போட்டவனுக்கு ‘குடிப்பழக்கம்’ மட்டும்தான் மிச்சம்.

எட்டு வருஷத்துக்கு முன் என்னை எழுப்பினாய். இப்போது அவனை எழுப்பிவிட்டாய்.

தேவகுமார்


நெட்டாங்கல்விளை
15.9.2024, ஞாயிறு மாலை

என் தம்பிக்கு,

பதினைந்து நாள் ஆயிற்று. நீயும் தேடிக் கிடைக்கவில்லை என்று சுபின் சொன்னான். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நானும் வீட்டில் இருக்க முடியாமல் தேடிப் போனேன்.

கோட்டாறில் ஒரு ஒயின்ஷாப் எதிரே மூன்று நாள் நின்றேன். முதல் நாள் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள் மறைக்கத் தோன்றவில்லை. உள்ளேயிருந்து தள்ளாடிக்கொண்டு ஒருவன் வந்து என்னையே பார்த்தான். “டீச்சரா? வெயில்ல நிக்காண்டாம் டீச்சர்” என்றான். பக்கத்துச் சாயக்கடையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து நிழலில் போட்டான். முருகதாஸ். ஐந்தாம் வகுப்பில் அழுக்குச் சட்டையோடு வந்தான் என்று நான் வெளியே நிற்க வைத்தவன். அவனுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் உட்கார்ந்தேன். “யாரத் தேடுதிய?” என்றான். “எம் மகன” என்றேன். அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சாயா வாங்கித் தந்தான், குடித்தேன். அந்த ஸ்டூலில் உட்காருவதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

நீ எழுதியது சரி. அந்தச் சீட்டில் நன்றி இல்லை. நான் ஆண்டவருக்கு வேலை செய்து, அதற்குக் கூலியாக என் மகனை வாங்கிவிட்டேன் என்று ஊருக்கு வாசித்துக் காட்டினேன்.

அசனத்தைப் பற்றி எழுதப் போவதில்லை என்று சொல்லியிருந்தேன். இப்போது எழுதுகிறேன். அது சபை ஒழுங்கு இல்லை, தம்பி. அன்றைக்கு வெளியிலிருந்து வந்த பெரியவர்கள் எதிர்ப்பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். நீ என் தம்பி என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று கூசினேன். அவ்வளவுதான் காரணம். உன் இலையில் உப்பு மட்டும் இருந்தது என்று நீ எழுதியதை வாசித்ததிலிருந்து, சோற்றில் உப்புப் போடும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வருகிறது. என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

சிஜின் போன மறுநாளிலிருந்து மறுபடியும் உபவாசம் இருந்தேன். இன்று கோயிலுக்குப் போகவில்லை. மத்தியானம் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கினேன், உட்கார்ந்து சாப்பிட்டேன். கோபத்தில் சாப்பிடவில்லை. ஆண்டவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை என்று தெரிந்துபோயிற்று. “பிச்சையாகத் தாரும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அழுதேன்.

அக்கா


கீரிப்பாறை
16.9.2024

அன்புள்ள அக்கா,

சுபின் பஸ்ஸை நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறான், அதனால் முதலில் விஷயம். சிஜின் வந்துவிட்டான். நேற்று கடைசிப் பஸ்ஸில் வந்து இறங்கினான். இப்போது உள்ளே தூங்குகிறான். கஞ்சி குடித்தான், காய்ச்சல் இல்லை.

இரண்டு வாரமும் கன்னியாகுமரியில், மஸ்கட்டில் கூட வேலை பார்த்த ஒருவனுடைய ரூமில் இருந்திருக்கிறான். குடித்திருக்கிறான். சனிக்கிழமை அந்த ரூமையும் காலி செய்துவிட்டார்கள். ஞாயிறு காலையில் பசியோடு நடந்து வந்திருக்கிறான். எங்கே போகிறோம் என்றே தெரியாதாம். வழியில் அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற ஒரு நிழல்தாங்கல். மத்தியான வழிபாடான உச்சிப்படிப்பு முடிந்து எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் வாசலுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான்.

தலைப்பாகை கட்டிய ஒருவர் வந்தாராம், கோலப்பன் என்று பெயர். “உள்ள வா மக்கா” என்று கூப்பிட்டிருக்கிறார்.

“நான் வேதக்காரன், ஏசு கோயிலுக்குப் போறவன்” என்றிருக்கிறான் இவன்.

“அதுக்கு?”

“நேத்து ராத்திரி வர குடிச்சேன். உள்ள வரப்பிடாது.”

“பசிக்கா, இல்லியா?”

“பசிக்கு.”

“அப்ப கைய நீட்டு” என்று சொல்லி, இலையையும் சோற்றையும் வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்து இலையை எடுக்கப் போனவனை, “அத நான் எடுத்துக்கிடுதேன், நீ வீட்டுக்குப் போற வழியப் பாரு” என்று அனுப்பிவிட்டார். “அவரு எம் பேரக்கூட கேக்கல மாமா” என்று நேற்று ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. நீ அடுப்பு மூட்டிச் சாப்பிட்ட அதே மத்தியானம்தான் அவனும் சாப்பிட்டிருக்கிறான். தயவுசெய்து இதையும் ஒரு சீட்டில் எழுதிவிடாதே.

அசனத்தைப் பற்றி எழுதியிருந்தாய். மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், மறக்கவில்லை. ஆனால் உன்மேல் இருந்த கோபத்தை இன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கலுங்கில் உட்கார்ந்த அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, அது போயிருந்தது. நீ அழாதே.

சுபின் ஹாரன் அடிக்கிறான்.

தம்பி


நெட்டாங்கல்விளை
5.1.2025

என் பிரியமான தம்பிக்கு,

பிரியமான என்று போட்டிருக்கிறேன், மை தீரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ வராதது எனக்கு வருத்தம்தான். சிஜின் வந்ததே பெரிது. லயன் சுவரில் கோடு போடுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னான். ஏன் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. உன் சொல்படி சோறு மட்டும் போட்டேன். தடிக்காரன்கோணத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலைக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவனாகவே சொன்னான். கிடைக்குமோ கிடைக்காதோ, நாளைக்கு மறுபடி விழுவானோ மாட்டானோ, எனக்குத் தெரியாது. தெரியாமலே நன்றாகத் தூங்குகிறேன்.

அந்த நிழல்தாங்கலுக்கு நானும் போனேன். ஒரு குலைப் பழம் வாங்கிக்கொண்டு, சிஜினைக் கூட்டாமல் தனியாகத்தான் போனேன். கிறிஸ்தவக் கோயில் தவிர வேறு வாசலில் நான் நின்றதில்லை, உனக்குத் தெரியும். கோலப்பனைக் கண்டு, செப்டம்பரில் ஒரு ஞாயிறு இன்னாருக்குச் சோறு கொடுத்தீர்களே, அது என் மகன், நன்றி சொல்ல வந்தேன் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “ஓர்மை இல்லியே அம்மா. எல்லாருக்கும்தான போட்டது” என்றார். பழத்தை வாங்கி, அங்கே இருந்தவர்களுக்கு அப்போதே பங்கிட்டுவிட்டார். எனக்கும் ஒன்று தந்தார். நன்றி சொல்லப் போன இடத்திலும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

புதுவருஷ ஆராதனைக்கு மறுபடியும் ஸ்தோத்திரச் சீட்டு வைத்தேன். ‘ஸ்தோத்திரம். ராகேல்.’ என்று மட்டும் எழுதினேன். போதகர் வாசித்துவிட்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். வெளியே வரும்போது, “காரணம் எழுதல்லியே டீச்சர்?” என்று கேட்டார். “எம் பக்கத்துல காரணம் ஒண்ணும் இல்ல ஐயா” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இனி கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இந்த மாதம் 25ஆம் தேதி, சனிக்கிழமை, அசனம். நீ வர வேண்டும். முதல் பந்தியில் உன்னை உட்கார வைத்து நானே இலை போட்டு, நானே முதல் சோறு போடுவேன். நீ சாப்பிட்ட இலையை, சபையார் எல்லோரும் பார்க்க, நான் என் கையால் எடுப்பேன். எட்டு வருஷமாக அந்த இலை என் கண்ணுக்குள் கிடக்கிறது.

உன் அக்கா


கீரிப்பாறை
9.1.2025

அன்புள்ள அக்கா,

வருகிறேன். ஆனால் நீ பரிமாறக் கூடாது, என் இலையை எடுக்கவும் கூடாது. என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

கோபப்படாமல் கேள். பரிமாறுவது உனக்குக் கஷ்டமே இல்லை. முப்பது வருஷமாக அசனத்தில் வாளி தூக்கியவள் நீ. அப்பா உயிரோடு இருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன், நீ பந்தியில் உட்கார்ந்ததே கிடையாது. எல்லோரும் எழுந்தபிறகு சமையல் பந்தலில் நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிடுவாய், அதையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீ என் எச்சில் இலையைத் தூக்கினால் சபையே கண்ணைத் துடைக்கும், ராகேல் டீச்சருக்கு எவ்வளவு தாழ்மை என்று சொல்லும். உனக்கு அது இன்னொரு சீட்டு, அக்கா.

உட்கார். இலைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு, வாளி நம் பக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிரு. நமக்கு வருவதற்குள் யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று ஒரு பயம் இருக்கும், எனக்குப் பழக்கம். அந்தப் பயத்தோடு உட்கார்ந்து, கிடைப்பதை வாங்கிச் சாப்பிடு. எனக்கு அது போதும்.

தம்பி


நெட்டாங்கல்விளை
26.1.2025

என் தம்பிக்கு,

நேற்று முழுக்க நீ பக்கத்தில்தான் இருந்தாய், ஆனாலும் எழுதுகிறேன். அங்கே ஆள் கூட்டத்தில் பேச இடம் கிடைக்கவில்லை. நீயும் நாலு மணிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஓடிவிட்டாய்.

உன் கடிதம் வந்ததும் எனக்கு நல்ல கோபம். இரண்டு நாள் பதில்கூட எழுதவில்லை. நான் தாழ்ந்து வருவதற்கும் இவன் விதி சொல்கிறானே என்று இருந்தது. காலையில் கோயில் முற்றத்தில் பந்தலைப் பார்த்ததும் கால் தானாகச் சமையல் பக்கம் போயிற்று. வாளியை எடுத்துவிட்டேன். பிரிஜா வந்து, “அக்கா, ஒங்க தம்பி ஒங்களுக்கு எடம் புடிச்சு வச்சிருக்காவ” என்று வாளியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவளைப் பற்றி நான் முதல் கடிதத்தில் எழுதியதை நீ கிழித்துப் போட்டுவிடு.

தரையில் உட்காருவதற்கே எனக்குச் சிரமமாக இருந்தது, நீ கை கொடுத்தாய். இலை போட்டார்கள். உப்பு வைத்தார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பந்தி தொடங்கும் இடத்தை விட்டு நம் இருவரையும் நீ கடைசியில் உட்கார வைத்திருந்தாய். நாற்பது ஐம்பது பேர் தாண்டி வாளி வர வேண்டும். இந்த முற்றத்தில் எத்தனை வருஷம் அந்த வாளியோடு நடந்திருக்கிறேன், கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. எனக்கு வராமலே போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். என் பெயரைச் சொல்லி யாராவது எழுப்பினால் எழுந்து போவதுதான் நியாயம் என்று நினைத்தேன். அப்போதுதான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாய்.

சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது சிஜின் என்று கிட்டே வந்த பிறகுதான் கண்டேன். அந்த நீலச் சட்டைதான். நீ அவனிடம் முன்னமே சொல்லி வைத்தாயா, அவனாகவே எடுத்தானா, எனக்குத் தெரிய வேண்டாம். உனக்குப் போட்டான். பிறகு என் முன்னால் குனிந்தான். என் முகத்தை நேரே பார்த்தான். செப்டம்பருக்குப் பிறகு அவன் என்னை அப்படிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. சோறு போட்டான். இன்னும் போட்டான். போதும் என்றால் கையைக் குறுக்கே நீட்ட வேண்டும், அது எனக்கு மறந்தே போயிற்று. இலையில் சோறு குவிந்துகொண்டே போனது.

“போதும்னு சொல்லுக்கா, மத்தவனுக்கும் வேணும்லா” என்று நீ சொன்னதும் சிஜின் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். உனக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்ன என்று எட்டிப் பார்த்தார்.

அவ்வளவு சோற்றையும் நான் சாப்பிட்டு முடித்தது உனக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். பிறகு நீ கை கழுவ எழுந்து போனாய், அதனால் அடுத்து நடந்ததை நீ பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

சிஜின் இரண்டாம் தடவை வாளியோடு வந்தான். என் இலை காலியாக இருந்தது, வயிறும் நிறைந்திருந்தது. அவன் என்னைக் கடந்து ஒரு எட்டு வைத்துவிட்டான். எந்தப் பந்தியிலும் கேட்டு வாங்காத நான் கையை நீட்டினேன்.

“மக்கா, எனக்கு இன்னும் கொஞ்சம் போடு” என்றேன்.

அக்கா